த்ரெட் என்கிற இழை: ஒரு பி.காம்.காரனின் சரித்திரக் குறிப்பு

"பையன் என்ன பண்றான்?" என்று ஊரிலிருந்து பெரியப்பா ஃபோனில் கேட்டால், "சாஃப்ட்வேர்ல இருக்கான்" என்கிறோம். அதற்கு மேல் நமக்கும் சொல்லத் தெரியாது, அவரும் கேட்பதில்லை. புனே, பெங்களூரு, ஹைதராபாத் என்று குடியேறிவிட்ட நம் வீடுகளில் ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைகள் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை த்ரெட். தமிழில் இழை. வங்கிக்காரனுக்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம் என்றால், நிறையவே இருக்கிறது.

ஒரு வாடிக்கையாளர் கணக்கில் 5000 ரூபாய். அவர் கொடுத்த 3000 ரூபாய் செக் ஒரு கவுண்டருக்கும், 4000 ரூபாய் செக் இன்னொரு கவுண்டருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. இரண்டு கிளார்க்குகளும் இருப்பைப் பார்க்கிறார்கள், 5000. இருவரும் பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஒருவர் மீதி 2000 என்று எழுத, அதன் மேலேயே மற்றவர் 1000 என்று எழுதுகிறார். வெளியே போனது 7000, புத்தகத்தில் மீதி 1000. ஆடிட்டர் வந்தால் மேனேஜர் கதை கந்தல்தான்.

ஆனால் அந்தக் காலக் கிளைகளில் இப்படி நடக்கவில்லை. ஏன்? லெட்ஜர் ஒன்றே ஒன்று. அது ஒருவர் மேஜையில் இருந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். எனக்கு முந்தைய தலைமுறை அதிகாரிகள் அந்த கனத்த லெட்ஜரைத் திட்டாத நாளில்லை. அந்த கனம்தான் காவல் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1984-இல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை வந்து, கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் நுழைந்து, பிறகு கணக்கெல்லாம் ஒரே சர்வருக்குப் போனபோது, அந்தக் காவலை ப்ரோக்ராம் எழுதுகிறவர்தான் போட வேண்டியதாயிற்று.

ஒரே ப்ரோக்ராமுக்குள் பல வேலைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதுதான் த்ரெட். நான்கு கிளார்க், ஒரு லெட்ஜர். இதில் வரும் சிக்கலுக்கு 1965-லேயே வழி எழுதியவர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர். அவர் கொண்டுவந்த சாதனத்துக்கு செமஃபோர் என்று பெயர். ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்குமே கைகாட்டி மரம், அதே பெயர், அதே வேலை. ஒரு வண்டி உள்ளே இருக்கும்வரை அடுத்த வண்டிக்குக் கை இறங்காது.

பணம் போனால் சம்பாதிக்கலாம். 1985-க்கும் 1987-க்கும் நடுவே அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற புற்றுநோய்ச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் இறந்தே போனார்கள். ஒரு காரணம், இயக்குபவர் திரையில் வேகமாகத் திருத்தம் செய்தபோது, ப்ரோக்ராமின் ஒரு பகுதி செய்த மாற்றத்தை இன்னொரு பகுதி கவனிக்கவில்லை. நம் இரண்டு கிளார்க் கதையேதான். முந்தைய மாடல்களில் தவறு நடந்தாலும் தடுக்கத் தனி வன்பொருள் பூட்டு இருந்ததாம். சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று புதிய மாடலில் அதை எடுத்துவிட்டார்கள்!

சரி, த்ரெட் நூலகங்களின் கதைக்கு வருவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு த்ரெட் முறை. சன் கம்பெனி யூனிக்ஸுக்கு எழுதியது விண்டோஸில் ஓடாது. 1995-இல் போசிக்ஸ் த்ரெட் என்ற பொது விதி வந்தது. ரிசர்வ் வங்கி சர்க்குலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்குலர் வந்த மறுநாளே எல்லாக் கிளையிலும் அமலாகிவிடுமா என்ன? 1996-இல் சேவியர் லெராய் என்ற பிரெஞ்சுக்காரர் லினக்ஸுக்கு ஒன்று செய்து கொடுத்தார். நன்றாகவே ஓடியது, ஆனால் விதியோடு முழுதாக ஒத்துப்போகவில்லை.

1999-இல் ரால்ஃப் எங்கல்ஷால் என்ற ஜெர்மன்காரர் வெளியிட்டதுதான் க்னூ பி.டி.எச். பெயரிலேயே போர்ட்டபிள் இருக்கிறது. எந்த யூனிக்ஸ் இயந்திரத்துக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். இயங்குதளத்தின் உதவியே கேட்காமல், ப்ரோக்ராமுக்குள்ளேயே எல்லா இழைகளையும் தானே நடத்தும்.

இதில் ஒரு சாமர்த்தியம். ஒவ்வொரு இழைக்கும் ஸ்டாக் என்ற தனிக் குறிப்பேடு வேண்டும். அதை உண்டாக்கும் வழி இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஆனால் அவசரச் செய்தியான சிக்னல் வந்தால் அதைத் தனி ஸ்டாக்கில் கவனிக்கும் வசதி பெரும்பாலான யூனிக்ஸிலும் உண்டு. எங்கல்ஷால் தனக்குத்தானே ஒரு சிக்னல் அனுப்பி, அந்தத் தனி ஸ்டாக்கில் நுழைந்து, நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். பிறகு வேண்டும்போது அந்த இடத்துக்கே தாவுவார். புது இழை தயார். 2000-இல் இதை ஒரு கட்டுரையாகவே எழுதினார். (கொல்லைப்புற வாசல்தான், ஆனால் எல்லா வீட்டிலும் இருக்கிற வாசல்.)

நிறுவுவதும் பெரிய வித்தையில்லை. கட்டை அவிழ்த்து, முதலில் கான்ஃபிகர். இந்த இயந்திரத்தில் எந்த வழி செல்லும் என்று அதுவே சோதித்துக்கொள்ளும். பிறகு மேக், மேக் டெஸ்ட், மேக் இன்ஸ்டால். சோதனையைத் தாண்டிக் குதிக்காமல் இருப்பது நல்லது. ப்ரோக்ராமில் முதலில் இனிட், இழையைப் பிறப்பிக்க ஸ்பான், முடியும்வரை காத்திருக்க ஜாயின், கடைசியில் கில்.

இதன் முக்கிய குணம், ஒரு இழையை நடுவில் யாரும் பிடித்து இழுக்க மாட்டார்கள். அது தானாக வழிவிட்டால்தான் அடுத்தது ஓடும். வழிவிடாத இடத்தில் நம் இரண்டு செக் விபத்துக்கு வாய்ப்பே இல்லை. குறையும் அங்கேதான். ஒருவர் நீளமான கணக்கில் மூழ்கிவிட்டால் மற்ற எல்லோரும் சும்மா உட்கார வேண்டும். நான்கு ப்ராசசர் வாங்கி வைத்தாலும் ஒன்றில்தான் வேலை நடக்கும்.

2002-இல் லினக்ஸில் இரண்டு புது முயற்சிகள் மோதின. ஐ.பி.எம். எடுத்துக்கொண்டது பி.டி.எச்.சையே அடித்தளமாக வைத்து வளர்த்தது. ரெட்ஹாட்டின் உல்ரிச் ட்ரெப்பரும் இங்கோ மோல்னாரும் கொண்டுவந்தது என்.பி.டி.எல்., ஒவ்வொரு இழையையும் இயங்குதளமே நடத்தும் முறை. ஒரு லட்சம் இழைகளைத் தொடங்க முன்பு கால் மணி நேரம் ஆனது, இதில் 2 விநாடி! ஐ.பி.எம். முயற்சி 2003-இல் நின்றது. என்.பி.டி.எல். அந்த வருட டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6-இன் துணையோடு நிலைத்துவிட்டது. சில வருடங்களில் சாதாரண கம்ப்யூட்டருக்கே இரண்டு மூளை வர, பி.டி.எச்.சின் குறை பெரிதாகத் தெரிந்தது. அதன் கடைசி வெளியீடு 2006-இல்.

வேகத்தைப் பார்த்தால் தோற்றதில் அநியாயம் இல்லை. ஆனாலும் வங்கிக்காரனான என் மனசு பி.டி.எச். பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது. என்.பி.டி.எல்.லில் பூட்டுப் போட மறந்தால், அது பிடிபடும் நாள் மார்ச் 31 ராத்திரியாகத்தான் இருக்கும்.

ஆதரவாளன் நான் ஒருவன் மட்டுமில்லை போலிருக்கிறது. கடிதங்களைப் பூட்டி அனுப்பும் ஜி.என்.யூ.பி.ஜி. மென்பொருள் வெகுநாள் பி.டி.எச்.சை நம்பி இருந்தது. அது மாறியபோது என்.பி.டி.எச். என்ற புது நூலகத்துக்குப் போனது. கீழே இயங்குதளத்தின் த்ரெட்டுகள்தான். ஆனால் மேலே ஒரு பெரிய பூட்டு போட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு இழைதான் ஓடும் என்ற பழைய விதியை அப்படியே வைத்திருக்கிறார்கள். பழைய லெட்ஜர்தான், அட்டை மட்டும் புதுசு.