திருவிதாங்கூர் பஸ்ஸும் வீட்டு முற்றத்து ஒர்க்‌ஷாப்பும்

ஆரியசாலைக் கடைக்காரர்களாகிய நமக்கு லாரியும் பஸ்ஸும் அன்றாடச் சங்கதி. அவற்றின் பூர்வ கதையை நம் பிள்ளைகளும் அறிய வேணும். 1938 பிப்ரவரி 20-ல் ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா அரசு பஸ்ஸைத் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்த சால்ட்டர் துரை மேற்பார்வை. 60 சேஸிஸும் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினும் இங்கிலாந்துச் சரக்கு. பாடி மட்டும் இங்கேயே கட்டியது.

பழைய வண்டியை வீட்டிலே புதுப்பிக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும். மரச்சட்டமும் தகரமும் நம்மூர் ஆசாரி கைக்கு அடங்கும். டீசல் பம்ப் அடங்காது, அதைத் தெரிந்தவரிடம் கொடுக்கணும். குழாயில் காற்று நின்றால் எஞ்சின் பிடிக்காது. உளுத்த சட்டத்தைக் கழற்றுமுன் அளவெடுத்து வரைந்து வையுங்கள். இரும்புக் கடைக்கு எடைபோட்டு விட்டால் வண்டியோடு வித்தையும் போச்சு.