கிரியோன் பாடும் நேரம்

கி.மு. 413. சிசிலித் தீவின் சிரகூஸ் நகரைப் பிடிக்கப் போன ஏதென்ஸ் படை கப்பல்களையும் இழந்து, தரைப்போரிலும் தோற்றுச் சிக்கிக்கொண்டது. பிடிபட்டவர்கள் 7,000 பேருக்குக் குறையாது என்கிறார் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். கல்லெடுத்த பள்ளங்களில் அவர்களை இறக்கிவிட்டார்கள். தலைக்கு மேல் கூரை கிடையாது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் அளவுக்குத் தானியம். செத்தவர்களின் உடல்கள் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே குவிந்து கிடந்தன.

இந்தத் தோல்வியில் பிழைத்துவந்த சிலரைப் பற்றிச் சில நூற்றாண்டுகள் கழித்து கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் ஒரு கதை எழுதிவைத்தார். சிசிலிக்காரர்களுக்கு நாடகக் கவிஞர் யூரிப்பிடீஸ் மேல் தீராத பித்து. அடிமையாக விற்கப்பட்ட ஏதென்ஸ் வீரர்கள் சிலர், அவருடைய நாடகங்களில் நினைவிருந்த பகுதிகளை எசமானர்களுக்குச் சொல்லிக்கொடுத்து விடுதலை பெற்றார்கள். போர்க்களத்திலிருந்து தப்பி அலைந்தவர்கள் அவருடைய பாட்டைப் பாடிச் சோறும் தண்ணீரும் வாங்கிக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் நேராக யூரிப்பிடீஸைப் பார்த்து நன்றி சொன்னார்களாம். சுவையான கதை என்றால் புளூடார்க்குக்குக் கொஞ்சம் சபலம் உண்டு. முழுக்க நம்பியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் சாதாரணச் சிப்பாய்க்கு நாடகப் பாட்டு மனப்பாடமாக இருக்கும் என்பதில் அவருக்கோ அவருடைய வாசகர்களுக்கோ எந்த ஆச்சரியமும் இல்லை.

நமக்குத்தான் ஆச்சரியம். கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றதும், வெள்ளை அங்கி போர்த்திய ஒருவர் தூணருகே நின்று மூச்சுவிடாமல் பேசும் காட்சிதான் மனதில் வருகிறது. ஏட்டில் சொற்கள் மட்டும் தப்பி வந்ததால் நேர்ந்த வினை இது. மெட்டு போயிற்று, ஆட்டமும் போயிற்று. யூரிப்பிடீஸின் ‘ஒரெஸ்டீஸ்’ நாடகத்திலிருந்து ஏழே ஏழு வரிகள், எழுத்துக்கு மேல் சுரக்குறிகளோடு, எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டில் இருக்கின்றன. கிழிந்த அந்தத் துண்டு இப்போது வியன்னாவில். 2017இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வாளர் அர்மாண்ட் டாங்கூர் அதை வைத்து மெட்டை மீட்டெடுத்து, குழல் துணையோடு ஒரு குழுவைப் பாடவைத்தார்.

ஏதென்ஸில் வசந்தகாலம் தொடங்கும்போது டயோனைசஸ் தெய்வத்துக்குத் திருவிழா. மூன்று கவிஞர்கள் போட்டியிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று துன்பியல் நாடகங்கள். கடைசியில் குதிரைவால் கட்டிய கூட்டம் கும்மாளமடிக்கும் நாடகம் ஒன்று. எழுதியவரே மெட்டும் போட்டார். ஆடிப்பாடும் குழுவில் முதலில் 12 பேர். கவிஞர் சோபோக்ளீஸ் அதை 15 ஆக்கினார் என்பார்கள். எல்லோரும் ஆண்கள், முகமூடி அணிந்த உள்ளூர்க் குடிமக்கள். மாதக்கணக்கில் நடக்கும் பயிற்சிக்கும் உடைக்கும் ஆகும் செலவை நகரம் ஒரு பணக்காரர் தலையில் கட்டிவிடும். அவருக்கு கொரேகோஸ் என்று பெயர்.

இசைக்கு ஒரே ஓர் ஆள். அவர் கையில் ஔலோஸ் என்ற இரட்டைக் குழல். இரண்டையும் ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊத வேண்டும். பல நூல்கள் இதைப் புல்லாங்குழல் என்று எழுதிவிடுகின்றன, தவறு. இது சீவாளி பொருத்தி ஊதும் கருவி, திறந்தவெளியில் ஆயிரக்கணக்கான பேருக்குக் கேட்கும். சில கலைஞர்கள் உதட்டையும் கன்னத்தையும் தாங்க முகத்தைச் சுற்றித் தோல்பட்டை கட்டிக்கொள்வார்கள். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் கி.மு. 400ஐ ஒட்டிய ஒரு பெரிய மண்கலம் இருக்கிறது. கையில் முகமூடி ஏந்திய நாடகக் குழு அதில் வரையப்பட்டுள்ளது. கீழ்வரிசையின் நடுவில் அலங்கார உடையோடு உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பவர் புரோனோமோஸ் என்ற ஔலோஸ் கலைஞர். கவிஞர் டெமெட்ரியோஸ் ஓரமாக, கையில் சுருளோடு உட்கார்ந்திருக்கிறார். அன்றைய ரசிகனுக்கு யார் நட்சத்திரம் என்பதை அந்த ஓவியர் சொல்லிவிட்டார்.

நாடகம் முழுக்கவும் பாட்டா என்றால், அதுவும் இல்லை. நடிகர்கள் பெரும்பாலும் யாப்பில் அமைந்த வசனம் பேசுவார்கள். குழலோடு ராகமிழுத்துச் சொல்லும் பகுதிகள் உண்டு. நடுநடுவே குழுவின் பாட்டும் ஆட்டமும். யார் எப்போது பேச்சை விட்டுப் பாட்டுக்குத் தாவுகிறார் என்பதில்தான் கவிஞரின் கைத்திறன். சோபோக்ளீஸின் ‘ஆன்டிகனி’யில், உயிரோடு கல்லறைக்குள் அடைக்கப்படப் போகும் ஆன்டிகனி பாடிப் புலம்புகிறாள். தண்டனை விதித்த மன்னன் கிரியோன் சட்டம் பேசுகிறான், அதட்டுகிறான், வாதாடுகிறான், பாடுவதே இல்லை. கடைசியில் மகனின் சடலத்தோடு வரும்போதுதான் அவனும் பாடுகிறான். பேசியே ஆண்டவனுக்குப் பேச்சு கைவிட்டுப்போனதை இசை ஒன்றே சொல்லிவிடுகிறது. இன்று எந்த மொழிபெயர்ப்பைப் படித்தாலும் அந்த மாற்றம் கண்ணில் படாது.

இந்தக் கலவையை மறந்ததால் ஒரு புதுக் கலையே பிறந்தது. 1570களில் ஃப்ளாரன்ஸ் நகரில் கோமான் ஜொவான்னி தே பார்டியின் வீட்டில் கவிஞர்களும் இசைக்காரர்களும் கூடிப் பண்டைய கிரேக்க இசை பற்றி விவாதித்தார்கள். கிரேக்க நாடகம் தொடக்கம் முதல் முடிவுவரை பாடப்பட்டது என்று ரோமிலிருந்து கடிதம் எழுதினார் அறிஞர் ஜிரோலமோ மெய். அதை நம்பி 1581இல் புத்தகமே போட்டார் வின்சென்சோ கலிலி. தொலைநோக்கி கலிலியோவின் அப்பா. 1600இல் ஃப்ளாரன்ஸில் நடந்த ஓர் அரச திருமணத்தில், ஜகோபோ பெரி இசையமைத்த ‘யூரிடிசி’ அரங்கேறியது. ஆபரா எனப்படும், முழுக்கப் பாடப்படும் நாடகங்களில் முழுமையாகக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது அது. கல்யாண வீட்டில் அழுகை கூடாது என்பதால், புராணத்தில் கணவன் ஆர்ஃபியஸ் மீட்கப் போயும் ஒரேயடியாக மறையும் யூரிடிசி இதில் பத்திரமாகத் திரும்பி வருகிறாள்.

ஆக, கிரேக்கர்களின் வாரிசு என்று சொல்லிக்கொண்டே பிறந்த ஆபரா, அவர்கள் செய்யாத ஒன்றைச் செய்தது. பேசிக்கொண்டிருப்பவர் பாட்டுக்குத் தாவும் பழைய வழக்கம் திரும்பி வந்தது வேறு வாசல் வழியாக, கேலியோடு. 1858இல் பாரிஸில் இசையமைப்பாளர் ஆஃபன்பாக் கிரேக்கக் கடவுளரைக் கிண்டலடித்து ‘பாதாளத்தில் ஆர்ஃபியஸ்’ போட்டார். லண்டனில் கில்பர்ட்டும் சல்லிவனும் 1871இல் முதன்முதலாகச் சேர்ந்து செய்த நாடகத்துக்குப் பெயரே ‘தெஸ்பிஸ்’. உலகின் முதல் நடிகர் என்று கிரேக்க மரபு சொல்லும் ஆள். அந்த நாடகத்தின் இசையும் பெரும்பகுதி தொலைந்துபோனது வேடிக்கை. பேச்சும் பாட்டும் கலந்த இத்தகைய ஆபரெட்டாக்கள் கடல் தாண்டிப் போய்த்தான் பிராட்வே மியூசிக்கலுக்கு உரமாயின.

ஆனால் பிராட்வேயில் ஆடல் குழு வெகுகாலம் அழகுக்கு நின்றது. கதாநாயகனைக் கேள்வி கேட்கும், அவனுக்காக அழும் குழுவை ராட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் 1947இல் ‘அலெக்ரோ’வில் முயன்று பார்த்தார்கள், அவர்களுடைய ‘ஓக்லஹோமா!’ அளவுக்கு அது எடுபடவில்லை. சரியான குழுவைக் கண்டுபிடித்தவர் இயக்குநர் லீ ப்ரூயர் என்றே சொல்ல வேண்டும். 1983இல் புரூக்ளினில் அவரும் இசையமைப்பாளர் பாப் டெல்சனும் சோபோக்ளீஸின் கடைசி நாடகத்தைக் கறுப்பினத்தவரின் பெந்தகொஸ்தே தேவாலய ஆராதனையாக மாற்றினார்கள். பெயர் ‘தி காஸ்பல் அட் கோலனஸ்’. கண்ணிழந்த ஈடிப்பஸைப் பாடியவர்கள், ‘ஃபைவ் ப்ளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா’ என்ற பார்வையற்ற பாடகர் குழுவினர். கதை சொல்லும் போதகராக வந்தவர் மார்கன் ஃப்ரீமன். போதகர் பேசப்பேசச் சபை பாடிப் பதில் சொல்லும் பழக்கம் அந்தத் தேவாலயங்களில் ஏற்கெனவே இருந்தது. அதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய அவசியம் ப்ரூயருக்கு ஏற்படவில்லை.

2019இல் பிராட்வேக்கு வந்த ‘ஹேடஸ்டவுன்’ அந்த வரிசையில் இன்னொன்று. பெரி எடுத்த அதே ஆர்ஃபியஸ் கதை. இந்த முறை யூரிடிசிக்கு மீட்பு கிடையாது. எழுதி இசையமைத்தவர் அனாயிஸ் மிட்செல் ஒருவரே, பழைய ஏதென்ஸ் கவிஞர்களைப் போல. வாத்தியக்காரர்கள் குழிக்குள் ஒளியாமல் மேடையிலேயே உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அந்த ஆண்டு சிறந்த மியூசிக்கல் உட்பட 8 டோனி விருதுகள். சிறந்த மியூசிக்கலுக்கான விருதைப் பெறுபவர்கள் தயாரிப்பாளர்கள். கொரேகோஸ்களுக்கு இது புதிதாகத் தெரிந்திருக்காது.

இவ்வளவும் அழுகை நாடகத்தின் கதை. ஏதென்ஸின் சிரிப்பு நாடகத்துக்குக் குழுவில் 24 பேர், அவர்கள் பறவையாகவும் குளவியாகவும் தவளையாகவும் வருவார்கள். சிரிப்பு நாடகக் கவிஞர் அரிஸ்டோஃபனீஸின் தவளைகளை 1974இல் யேல் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டுப் பாடவைத்தார் இசையமைப்பாளர் ஸ்டீஃபன் சோண்ட்ஹைம். குழுவில் அப்போது மாணவியாக இருந்த மெரில் ஸ்ட்ரீப்பும் உண்டு. அதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)