சொல்லி எழுதப்பட்ட கவிதைகள்

கலைச் சிகிச்சை என்ற தொடரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. சிகிச்சை என்றால் நோய் என்று ஒன்று இருந்தாக வேண்டும்; நோய் தீர்ந்ததும் மருந்து வேண்டியதில்லை. கலையை இந்தக் கணக்கில் சேர்க்க மனம் ஒப்பவில்லை. ஆனால் விஷயத்தைப் புறங்கையால் தள்ளிவிட முடியாதபடி என் பெரியப்பா செய்துவிட்டார். அச்சகத்தில் நாற்பது வருஷம் எழுத்துக் கோத்தவர். பெரியம்மா போன பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். தனிமையைப் போக்குவதற்கென்று அங்கே வந்த சிலர், கோட்டு மாம்பழம் அச்சிட்ட தாளையும் கலர்ப் பென்சில்களையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெரியப்பா தொடவில்லை. "மாம்பழத்துக்கு மஞ்சள் அடிச்சு நான் யாருக்குடா காட்டணும்?" என்றார். அப்போது அதை முரண்டு என்று எடுத்துக்கொண்டேன். அது ஒரு விமர்சனக் கேள்வி என்று புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

அந்தத் தொடரை உண்டாக்கியவர் டாக்டர் அல்ல, ஓவியர். ஏட்ரியன் ஹில் முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழிகளில் உட்கார்ந்து வரைந்தவர். 1938இல் காசநோய் வந்து இங்கிலாந்தில் மிட்ஹர்ஸ்ட் என்ற இடத்திலிருந்த சானடோரியத்தில் படுக்கையில் கிடந்தார். அந்நாளில் காசத்துக்கு ஓய்வுதான் மருந்து. மாதக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். ஹில் கண்ணெதிரே இருந்த சாமான்களை வரைய ஆரம்பித்தார். பிறகு பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும், யுத்தத்தில் காயம்பட்டு வந்த சிப்பாய்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 1942இல் இதற்குக் கலைச் சிகிச்சை என்று பெயர் வைத்தார். 1945இல் புத்தகமும் எழுதினார். பெயர் அவருடையதே தவிர, அவர் செய்தது ஓர் ஓவியன் பொழுது போகாத இன்னொருவனுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக் கொடுத்ததுதான்.

அடுத்து வந்த எட்வர்ட் ஆடம்ஸனும் ஓவியரே. 1946இல் சர்ரேயிலுள்ள நெதர்ன் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். டாக்டர்கள் அவருக்கு விதித்த நிபந்தனை விசித்திரமானது: கற்றுக் கொடுக்கக் கூடாது, படங்களுக்கு அர்த்தம் சொல்லக் கூடாது. வரைந்ததை ஆராயும் வேலை அவர்களுடையது. ஆனால் நாளடைவில் ஆடம்ஸன் அந்தச் சும்மா இருத்தலையே தன் முறையாக ஆக்கிக்கொண்டார். 1981 வரை அங்கே இருந்தார். வருஷக்கணக்காக அங்கேயே கிடந்து கிழடு தட்டிப் போனவர்கள், யாரும் பார்க்க வராதவர்கள், அவர் கூடத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக வரைந்தார்கள். படங்கள் ஏறக்குறைய 1,00,000 இருக்கும் என்பார்கள். எஞ்சிய சில ஆயிரங்கள் லண்டனில் வெல்கம் சேகரிப்பில் இருக்கின்றன. அர்த்தம் கேட்காத ஒருவன் கூடவே இருக்கிறான் என்பதில் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நம்மில் பலருக்கு அது வாய்த்ததில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது கென்னத் கோக் செய்த காரியம். இவர் நியூயார்க் கவிஞர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர், கவிதையில் விளையாட்டை அனுமதித்தவர். ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கவிதை எழுதக் கற்பித்ததை வைத்து 1970இல் ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். 1976 வசந்தத்திலும் கோடையிலும் அவர் போன இடம் வேறு. நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் அமெரிக்கன் நர்ஸிங் ஹோம். நம்மூரில் நர்ஸிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ போய்த் திரும்பும் இடம். அங்கே, பெரும்பாலும் திரும்பிப் போக வீடு இல்லாத முதியவர்களின் இடம்.

மாணவர்கள் சுமார் 25 பேர். வகுப்புகள் 16. எழுபது, எண்பது, தொண்ணூறு வயதுகள். சலவைக் கடையிலும் சமையல் கட்டிலும் பிறர் வீட்டு வேலையிலும் உழைத்து ஓய்ந்தவர்கள், படிப்பு அதிகமில்லை. சிலருக்குக் கண் போய்விட்டது, சிலருக்குக் காது, சிலருக்கு ஞாபகம். பேனா பிடிக்கக் கை ஒத்துழைக்காதவர்கள் பலர். ஆகவே அவர்கள் சொல்ல, கோக்கும் உதவிக்கு வந்த கேட் ஃபாரல் என்ற இளம் கவிஞரும் மற்றவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். முதலில் எல்லோரும் ஆளுக்கொரு வரி சொல்லி ஒரே கவிதை. பிறகு தனித்தனியாக. நிறங்களைப் பற்றி, நிலவோடு பேசுவது போல், இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்வது போல். அந்தக் கடைசி யோசனையே 1977இல் வந்த புத்தகத்துக்குத் தலைப்பாயிற்று. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றும் எல்லோர் காதுக்கும் கேட்க உரக்க வாசிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டிடத்தில் மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. நாள் முழுக்க நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தனிமை ஆளில்லாததால் வருவதென்றால் அங்கே அது இருந்திருக்கவே கூடாது. அவர்களிடம் பிறர் கேட்ட கேள்விகள் மருந்து சாப்பிட்டாயிற்றா, வெளிக்குப் போயிற்றா என்பதாக இருந்திருக்கும். எழுதிவைக்கத் தகுந்த ஒரு வாக்கியம் தன்னிடம் இருக்கிறது என்று ஒருவர் வந்து காகிதத்தோடு காத்திருப்பது வேறு விஷயம். கை நடுங்கியதால் நேர்ந்த இந்தச் சொல்லி எழுதும் முறைதான், தெரிந்தோ தெரியாமலோ, பாதிக் காரியத்தைச் செய்தது என்பது என் எண்ணம்.

கோக் இதைச் சிகிச்சை என்று அழைக்க மறுத்தார். சிகிச்சையாகக் கவிதை எழுதினால் கிழவன் பொழுதைப் போக்கிக்கொள்ளலாம், கலையாக எழுதினால்தான் முழுசாக உயிரோடு இருக்கலாம் என்ற தோரணையில் வாதாடினார். அவர்களுக்கென்று எளிமைப்படுத்தப்பட்ட பாட்டுப் புத்தகங்களைக் கொண்டு போகவில்லை, விட்மனையும் டி.எச். லாரன்ஸையும் கொண்டு போனார். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் ஒரு கட்டுரையில், முதியவர்கள் பழையதையே பேசுவது மூளைத் தளர்ச்சி அல்ல, வாழ்வைத் திரும்பிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளும் வேலை என்று சொல்லியிருந்தார். பெரிய திருத்தம் அது. ஆனால் அதற்குப் பிறகு முதியவர் என்றால் நினைவு மட்டும்தான் என்றும் ஆகிவிட்டது. கோக் அவர்களிடம் கற்பனையும் கேட்டார். நிலவோடு பேசச் சொன்னால் 1910இல் கிராமத்தில் பார்த்த நிலவைத்தான் பேச வேண்டுமென்பதில்லை.

அவை நல்ல கவிதைகளா? இந்தக் கேள்வியைத் தவிர்ப்பது அவர்களுக்கு மாம்பழம் கொடுப்பதற்குச் சமம். பலவும் இல்லை. கோக்கின் பாராட்டு சில இடங்களில் தாராளம். சில கவிதைகள் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் ஏழெட்டு இடங்களில், வாழ்நாள் முழுக்கப் பிறர் துணியைத் தேய்த்த ஒருவரின் வாயிலிருந்து, எந்தக் கவிஞனும் யோசித்து எட்ட முடியாத நேர்த்தி வந்து விழுகிறது. ஒரு சிறுபத்திரிகையின் ஓராண்டு இதழ்களில் இந்த விகிதம் தேறுமா என்று நாம் கணக்குப் பார்க்கலாம்.

எண்கள் கேட்பவர்களுக்கு, 2001இல் ஜீன் கோஹன் என்ற டாக்டர் தொடங்கிய ஆய்வு இருக்கிறது. வாஷிங்டனில் 65 வயது தாண்டிய 166 பேர். ஒரு பகுதியினர் தேர்ந்த இசை நடத்துனரிடம் வாராவாரம் சேர்ந்திசை பயின்று மேடையில் பாடினார்கள், மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி ஓராண்டில் பாடியவர்கள் டாக்டரிடம் போனது குறைவு, கீழே விழுந்தது குறைவு, தனிமையும் குறைவு. எனக்கு இதில் உறைப்பது வேறு. அவர்களைப் பாடகர்களாக நடத்தினார்கள். சுருதி பிசகினால் திரும்பப் பாடச் சொல்லியிருப்பார்கள்.

கோக்கின் புத்தகத்தைப் படித்த அடுத்த வாரம் ஒரு நோட்டோடு பெரியப்பாவிடம் போனேன். கறுப்பைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றேன். "எதுக்கு?" என்றார். எழுதிக்கொள்ள என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கறுப்பிலே ரெண்டு உண்டு, மை ஈரமா இருக்கறப்போ கூட ஒரு கறுப்பு, காய்ஞ்சதும் வேற கறுப்பு என்றார். பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பாமலே, எருமை மழையில நனைஞ்சா மூணாவது கறுப்பு என்றார். அதையும் அடுத்த வரியாக எழுதி, இரண்டையும் சேர்த்து உரக்க வாசித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பெரியப்பா கையை நீட்டி நோட்டை வாங்கி, கண்ணுக்கு வெகு அருகில் வைத்துக்கொண்டு, ப்ரூஃப் பார்க்கிற மாதிரி விரலை வரி மேல் ஓட்டினார். "அந்தக் 'கூட'வை எடுத்துடு. இடம் அடைக்குது" என்றார்.