'கேள்', 'காட்டு', 'அடி'... மெனுவை வைத்தே கதை சொன்ன பழைய ஜப்பான் கேம்கள்: எப்படி வேலை செய்தன?

2023 ஏப்ரலில் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம், 40 வருடப் பழைய துப்பறியும் கேம் ஒன்றை ஏஐ தொழில்நுட்பத்தோடு ஸ்டீம் தளத்தில் இலவசமாக வெளியிட்டது. உதவியாளரிடம் எதை வேண்டுமானாலும் டைப் செய்து கேட்கலாம் என்பதுதான் ஸ்பெஷல். ஆனால் என்ன கேட்டாலும் அவருக்குப் புரியவில்லை என்று விளையாடியவர்கள் கடுப்பாகிவிட்டார்கள். ஸ்டீமில் அதற்குக் கிடைத்த ரேட்டிங் 'மிகவும் எதிர்மறை'.

வேடிக்கை என்னவென்றால், இதே சிக்கலுக்கு ஜப்பானில் 1984-லேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அது என்ன வழி? இந்த கேம்கள் எப்படிக் கதை சொன்னன? பார்க்கலாம்.

டெக்ஸ்ட் அட்வென்ச்சர் என்றால் என்ன?

ஓடுவது, சுடுவது எதுவும் கிடையாது. திரையில் ஒரு படம், கீழே சில வரி எழுத்து. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விளையாடுபவர் சொன்னால் கதை நகரும். அவ்வளவுதான்.

ஜப்பானில் இதற்குப் பெரிய தொடக்கம், 1983-ல் எனிக்ஸ் வெளியிட்ட 'போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு'. உருவாக்கியவர் யூஜி ஹோரி. பின்னாளில் 'டிராகன் குவெஸ்ட்' தந்தவரும் இவர்தான். கோபே நகரில் கடன் நிறுவனம் நடத்தும் ஒருவர், உள்ளே பூட்டிய அறையில் பிணமாகக் கிடக்கிறார். நீங்கள் விசாரணை அதிகாரி. யாசு என்பவர் உங்கள் உதவியாளர்.

என்ன சிக்கல்?

முதல் வெர்ஷனில் கட்டளையை டைப் செய்ய வேண்டும். 'எடு' என்று எழுதினால் புரியும், 'தூக்கு' என்றால் புரியாது என்கிற மாதிரி நிலைமை. என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த வார்த்தை எது என்று தெரியாது. கொலையாளியைத் தேடுவதை விட்டுவிட்டு வார்த்தையைத் தேட வேண்டியதுதான்.

தீர்வு: கட்டளை மெனு

ஹொக்கைடோவில் நடக்கும் அடுத்த துப்பறியும் கேமில், 1984-ல், ஹோரி டைப்பிங்கையே தூக்கிவிட்டார். 'கேள்', 'தேடு', 'காட்டு' என்று பட்டியல் வரும், எண்ணை அழுத்தினால் போதும். 1985-ல் போர்ட்டோபியா, நிண்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு வந்தபோதும் இதே முறைதான். கையில் இருப்பது கன்ட்ரோலர், டைப் செய்ய வழியே இல்லையே!

ஆனால் புதுத் தலைவலி ஒன்று வந்தது. யோசிக்காமல் எல்லாக் கட்டளையையும் வரிசையாக அழுத்தியே கேமை முடித்துவிடலாம். அதனால்தான் ஃபேமிகாம் வெர்ஷனில் படத்தின் குறிப்பிட்ட இடத்தைச் சுட்டிக்காட்டித் தேட வைத்தார்கள். மாளிகைக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதையையும் சேர்த்தார்கள்.

ஃபிளாக் என்றால் என்ன?

கேமுக்குள் ஒளிந்திருக்கும் சுவிட்ச். ஒரு சாட்சியிடம் நேற்று வராத பதில் இன்று வருகிறது என்றால், இடையில் நீங்கள் ஏதோ ஒரு தடயத்தைப் பார்த்திருக்கிறீர்கள், சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். கதையின் வரிசையைக் காப்பாற்றுவது இதுதான். ஜப்பானியப் பேச்சு வழக்கிலும் இந்த வார்த்தை ஏறிவிட்டது. படத்தில் ஒருவர் 'ஊருக்குத் திரும்பியதும் கல்யாணம்' என்று சொன்னால், 'சாவு ஃபிளாக்' விழுந்துவிட்டது என்று கிண்டலடிப்பார்கள்.

ஹீரோவுக்கு ஏன் நினைவு போகிறது?

1988-ல் நிண்டெண்டோவின் 'ஃபேமிகாம் டிடெக்டிவ் கிளப்' வந்தது. ஹீரோ மலைமுகட்டிலிருந்து விழுந்து நினைவை இழந்தவன். அதே ஆண்டு ஹிடியோ கொஜிமா உருவாக்கிய 'ஸ்னாட்சர்' கேமின் ஹீரோவுக்கும் பழையது எதுவும் ஞாபகம் இல்லை.

சினிமாத்தனமாகத் தோன்றலாம். ஆனால் காரணம் இருக்கிறது. விளையாடுபவருக்குக் கதை தெரியாது. ஹீரோவுக்கும் தெரியாது என்றால், 'இவர் யார்?' என்று கேட்பது இயல்பாகிவிடும். இரண்டு பேரும் ஒன்றாகவே தெரிந்துகொள்வார்கள்.

உதவியாளர் எதற்கு?

(ஸ்பாய்லர் அலர்ட்: போர்ட்டோபியா விளையாடப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

நீங்கள் கொடுக்கும் கட்டளைகளைச் செய்வது யாசு. 'பாஸ்' என்று கூப்பிட்டு, பார்த்ததைச் சொல்வதும் அவர்தான். அவர் சொல்வதை நீங்கள் நம்புகிறீர்கள், ஏனென்றால் அவர் மெனுவின் ஒரு பகுதி மாதிரிதான். கடைசியில் குற்றவாளியே யாசு! கேமை விளையாடாதவர்களுக்கும் இந்த முடிவு தெரியும் அளவுக்கு ஜப்பானில் இது பிரபலம்.

சவுண்ட் நாவல் எப்படி வேறுபட்டது?

போர்ட்டோபியாவை ஃபேமிகாமுக்கு மாற்றிய சுன்சாஃப்ட் (Chunsoft) நிறுவனம், 1992-ல் 'ஓடோகிரிசோ' என்ற திகில் கேமில் கட்டளைகளையே எடுத்துவிட்டது. திரை முழுக்க நாவல் மாதிரி எழுத்து, பின்னால் படமும் சத்தமும். சில இடங்களில் மட்டும் எதைத் தேர்வு செய்கிறீர்கள் என்று கேட்கும். 1994-ல் வந்த 'கமாய்தாச்சி நோ யோரு' இன்னும் ஒரு படி மேலே. பனியில் சிக்கிய விடுதியில் கொலை நடக்கிறது. பாத்திரங்கள் வெறும் நீல நிழல்கள், முகத்தை நீங்கள்தான் கற்பனை செய்ய வேண்டும். கொலையாளியைச் சீக்கிரம் கண்டுபிடிக்காவிட்டால் அடுத்தடுத்துப் பிணம் விழும்.

ஏஐ ஏன் தடுமாறியது?

2023 வெர்ஷனில், விளையாடுபவர் எழுதுவதைப் புரிந்துகொள்ள மட்டுமே ஏஐ பயன்பட்டது. தகாத பதில்கள் வரலாம் என்பதால், தானாகப் பதில் உருவாக்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். அதாவது எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் பதில்கள் ஏற்கெனவே எழுதிவைத்தவைதான்.

மெனு செய்த வேலை இங்கேதான் புரிகிறது. எதைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். குறைகளைச் சமாளிக்க வந்த பட்டியல்தான், ஆனா விளையாடுபவரை ஏமாற்றாது.

2021-ல் 'ஃபேமிகாம் டிடெக்டிவ் கிளப்' புதுப்பொலிவோடு ஸ்விட்ச்சுக்கு ஆங்கிலத்திலும் வந்தது. 2024-ல் அதே தொடரில் புதுக் கதையும் வெளியானது. இரண்டிலும் நீங்கள் விசாரிக்கப் போவது பழைய மெனுவை வைத்துத்தான்.