கரை தெரியாத குளம்

ஏரி நிரம்பியதும் மிகுதியான நீர் கலிங்கின் மேல் வழிந்தோடுவதை நாம் கண்டிருக்கிறோம். கலிங்கின் மேற்புறம் ஒரே மட்டமாக இருந்தால், அதன் நீளம் முழுவதும் நீர் ஒரே சீராக இறங்கும். மலைச் சரிவுகளிலும் உயர்ந்த கட்டடங்களின் உச்சியிலும் இன்று காணப்படும் கரை தெரியாத நீச்சல் குளங்களுக்கு இந்த எளிய உண்மையே அடிப்படையாகும்.

இக்குளத்தின் ஒரு பக்கச் சுவர், நீர்மட்டத்தைவிடச் சில மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கும். நீர் மெல்லிய படலமாக அதை மூடிக்கொண்டு அப்பால் விழும். ஆகவே குளத்தில் இருப்பவர் கண்ணுக்குச் சுவர் தெரிவதில்லை. குளத்து நீர் தொலைவிலுள்ள கடலோடு கலந்துவிட்டதுபோல் தோன்றும்.

வழியும் நீரைக் கணக்கிடும் முறை நீச்சல் குளத்துக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவில் லோவல் நகரத்துப் பஞ்சாலைகள் கால்வாய் நீரின் விசையால் இயங்கின. ஒவ்வோர் ஆலையும் எவ்வளவு நீரைப் பயன்படுத்துகிறது என்று அளந்தறிய வேண்டியிருந்தது. ஜேம்ஸ் பிரான்சிஸ் என்ற பொறியாளர் அதற்கான சோதனைகளை நடத்தி, 1855ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நீர்மட்டம் விளிம்புக்கு மேல் நிற்கும் உயரம் பாதியாகக் குறைந்தால், வழியும் நீர் பாதியாவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்பது அவருடைய சூத்திரத்திலிருந்து விளங்கும்.

இதைக் குளத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். 10 மீட்டர் நீளமுள்ள விளிம்பில் நீர் 6 மில்லிமீட்டர் உயரம் நின்றால், வினாடிக்கு ஏறத்தாழ 8 லிட்டர் வழியும். விளிம்பின் ஒரு முனை 3 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டாலோ, அங்கே வழிவது மூன்றில் ஒரு பங்குதான். சுவர் வெளியே தெரியத் தொடங்கும், தோற்றம் கலைந்துவிடும்.

ஜான் லாட்னர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு குன்றின்மேல் 'சில்வர்டாப்' என்ற வீட்டை வடிவமைத்தார். 1956இல் தொடங்கிய பணி பல ஆண்டுகள் நீடித்தது. அவ்வீட்டுக் குளத்தின் நீர், கீழேயுள்ள சில்வர் லேக் நீர்த்தேக்கத்தோடு சேர்ந்துவிட்டதுபோல் காட்சி தரும். பின்னர் 1989இல், பாலித் தீவின் உபுத் அருகே அமந்தாரி விடுதி திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த பீட்டர் முல்லர், சுற்றியுள்ள படிப்படியான நெல்வயல்களைத் தழுவியே அதன் குளத்தை அமைத்தார்.

சரி, வழிந்த நீர் எங்கே போகிறது? விளிம்புக்குக் கீழே மறைவாக ஒரு தொட்டி உண்டு. அதில் சேரும் நீரைப் பம்பு மீண்டும் குளத்துக்கு ஏற்றுகிறது. இத்தொட்டியின் கொள்ளளவில்தான் கவனம் வேண்டும். 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் பம்பு நின்றால், விளிம்புக்கு மேலுள்ள 6 மில்லிமீட்டர் நீர், அதாவது 300 லிட்டர், கீழே இறங்கிவிடும். 65 கிலோ எடையுள்ள 20 பேர் குளத்தில் மூழ்கினால், ஆர்க்கிமிடிஸ் கூறியபடி ஏறத்தாழ 1,300 லிட்டர் வெளியேறும். இந்த 1,600 லிட்டருக்கும் தொட்டியில் இடம் இருக்க வேண்டும். இல்லையேல் நீர் சரிவில் வழிந்து, அடித்தளத்தின் மண்ணை இளக்கும். குளித்தவர்கள் கரையேறியதும் குளத்தின் மட்டம் விளிம்புக்குக் கீழே இறங்கிவிடும். இழந்த நீர் தொட்டியில் இல்லாததால் பம்பு காற்றை உறிஞ்சும்.

கட்டி முடித்ததோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. சிங்கப்பூரின் மெரினா பே சாண்ட்ஸ் விடுதியில், மூன்று கோபுரங்களின் உச்சியில், தரையிலிருந்து 191 மீட்டர் உயரத்தில் ஒரு குளம் இருக்கிறது. மோஷே சாஃப்டி வடிவமைத்த இவ்விடுதி 2010இல் திறக்கப்பட்டது. குளத்தின் கரை தெரியாத விளிம்பு 146 மீட்டர் நீளமுடையது. காற்றில் கோபுரங்கள் அசையும். நாளடைவில் அவை தரையில் சற்று அமிழவும் கூடும். அசைவைத் தாங்குவதற்காகக் குளத்தின் அடியில் நெகிழும் இணைப்புகள் உள்ளன. அமிழ்வைச் சரிசெய்ய, 500க்கும் மேற்பட்ட இடங்களில் ஜாக்கி பொருத்திய கால்களை அமைத்திருக்கிறார்கள். எந்தப் பகுதி தாழ்ந்தாலும் அதை உயர்த்தி, விளிம்பை மீண்டும் மட்டத்துக்குக் கொண்டுவரலாம். நீந்துவோர் காண்பது வானத்தைத் தொடும் நீரை. அந்தக் காட்சியைக் காத்து நிற்பவை அடியிலுள்ள அந்தக் கால்களும், மறைந்திருக்கும் தொட்டியுமே.