பிளிங்கி பில்லின் அப்பாவைச் சுட்டது யார்?

குழந்தைகளுக்கான படப் புத்தகத்தில் என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பிளிங்கி பில்லைப் பற்றித் தெரியும் வரை!

1933-ல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த கதை இது. எழுதியதும் படங்கள் வரைந்ததும் டோரதி வால். கால்சட்டை போட்ட குறும்புக்காரக் கோவாலாக் குட்டிதான் நாயகன். யூகலிப்டஸ் காட்டு விலங்குகள் எல்லாம் மனிதர்களைப் போலவே பேசிப் பழகுகின்றன. சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் தொடக்கத்திலேயே குட்டியின் அப்பாவை ஒரு மனிதன் சுட்டுக் கொன்றுவிடுகிறான்.

குழந்தைகள் கதையில் ஏன் இப்படி ஒரு சாவு?

6 ஆண்டுகள் பின்னால் போவோம். 1927 ஆகஸ்டில் குயின்ஸ்லாந்து அரசு கோவாலா வேட்டைக்கு ஒரு மாதம் அனுமதி கொடுத்தது. ரோமத்தோலுக்காக 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. மக்கள் கொதித்துப்போனார்கள். அதன்பின் அங்கே அப்படியொரு அனுமதி வழங்கப்படவே இல்லை.

ஆக, அந்தத் துப்பாக்கி வெறும் கற்பனை அல்ல நண்பர்களே. 5 லட்சம் என்றால் அது ஓர் எண், அவ்வளவுதான். அப்பாவை இழந்த ஒரு குட்டி என்றால் குழந்தைக்கும் வலிக்கும். கதையின் பலம் அதுதான்.

2022-ல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் கோவாலாக்கள் அழியும் ஆபத்தில் உள்ளவை என அறிவிக்கப்பட்டன. இப்போது துப்பாக்கி இல்லை; காடுகளை அழிக்கிறோம். இதை எந்தக் கதையில் சொல்வது?