இரட்டைப் படம் பிறந்த கதை

சிலைத் திருட்டைப் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படம் எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு காட்சி தப்பாமல் வரும். திரை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம். மங்கலான கோயில் சுவருக்கு முன்னால் ஒரு செப்புத் திருமேனி. வலது பக்கம் பளபளப்பான வண்ணப்படம். அதே திருமேனி, வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் விளக்கொளியில். பீடத்தில் உள்ள ஒரு சிறு பள்ளத்தை அம்புக்குறி காட்டும். மறுபக்கத்திலும் அதே இடத்தில் அதே பள்ளம். பார்ப்பவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

வலது பக்கப் படத்துக்குச் சிரமமே இல்லை. அருங்காட்சியகமும் ஏல நிறுவனமும் தாங்களே அச்சிட்டு வெளியிடுகின்றன. கடினமானது இடது பக்கம்தான். களவு போகும் என்று யாரும் நினைக்காத காலத்தில், யாரோ ஒருவர் அந்தக் கோயிலுக்குப் போய், பூட்டைத் திறக்கச் சொல்லி, படம் எடுத்து, ஊர்ப் பெயரையும் ஆண்டையும் குறித்து வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களைப் பொறுத்தவரை அந்த வேலையைப் பெருமளவில் செய்த இடம் புதுச்சேரி. இரட்டைப் படத்தின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

படம் இல்லாமல் பட்ட பாடு

கையில் படம் இல்லாவிட்டால் வழக்கு என்ன பாடு படும் என்பதைப் பத்தூர் காட்டியது. திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976-ல் மண்ணைத் தோண்டியபோது ஒரு நடராசர் கிடைத்தார். தரகர்கள் வழியாகக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். கனடாவின் பம்பர் டெவலப்மெண்ட் நிறுவனம் 1982-ல் 2,50,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. பழுது பார்க்கப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்த இடத்தில் லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்றியது.

மண்ணுக்குள் இருந்த சாமிக்கு ஏது புகைப்படம்? சிலையில் ஒட்டியிருந்த மண், கரையான் அரித்த தடம் என்று ஒவ்வொன்றையும் பத்தூரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டன் நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொன்னார். இடிந்து கிடந்த கோயிலையே வழக்காளியாக நீதிமன்றம் ஏற்றது. 1988-ல் தீர்ப்பு சாதகமாக வந்தது. 1991-ல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. அந்த ஆண்டே நடராசர் தாயகம் திரும்பினார். கைப்பற்றியதிலிருந்து திரும்பியது வரை 9 ஆண்டுகள்.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்தின் கதை வேறு வகை. 1951-ல் அங்கே கிடைத்த நடராசரைப் பழுது நீக்க ஸ்தபதியிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். ஊர் அதையே கும்பிட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட், சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1965-ல் வெளியிட்ட நூலில்தான் கோயிலில் இருப்பது அசல் இல்லை என்ற உண்மை வெளியே வந்தது. அசல் 1973-ல் 9 லட்சம் டாலருக்கு அமெரிக்கக் கலைப்பொருள் சேகரிப்பாளர் நார்டன் சைமன் கைக்குப் போயிற்று. 1976-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 1986-ல் இந்தியா திரும்பியது. விஷயம் தெரிந்த ஒருவர் கண்ணில் பட்டதால் வெளிவந்த திருட்டு இது. எல்லாச் சிலைக்கும் அப்படி ஒரு பாரெட் வாய்க்கமாட்டார்.

ஆகமத்துக்கு எடுத்த படம்

புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களுக்கும் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் உள்ள உறவு பழையது. அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், தென்னாட்டுக் கோயில்களைச் சுற்றிப் பார்த்து 1914-ல் பிரெஞ்சு மொழியில் நூல் வெளியிட்டார். பிறகு பல்லவர் தொன்மைகளைப் பற்றியும் எழுதினார். பல்லவர் கலையை அறிய அவர் செய்த பணி பெரிது. அதே துப்ரேய்தான் 1920-களில் காஞ்சிபுரம் வட்டாரத்து யோகினிச் சிற்பங்கள் பாரிஸ் கலை வணிகர் சி.டி. லூவின் கைக்குப் போக வழி செய்தவர். அந்த யோகினிகள் இன்று வாஷிங்டன், டொராண்டோ, லண்டன், பாரிஸ் என்று திசைக்கொன்றாக இருக்கின்றன.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 20-ல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அங்கே திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா மருத்துவம் படித்தவர். சமஸ்கிருதமும் தமிழும் அறிந்தவர். சைவ ஆகமங்கள் அவருக்கு முக்கியமாகப் பட்டன. கோயிலை எப்படிக் கட்டுவது, எந்தத் தெய்வத்துக்கு எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், பூசை எந்த முறையில் என்பதையெல்லாம் சொல்லும் அந்த நூல்கள் ஏட்டுச் சுவடிகளாகச் சிவாசாரியார்களின் வீடுகளில் கிடந்தன. என்.ஆர். பட் தலைமையில் சுவடிகள் தேடிச் சேர்க்கப்பட்டன. அந்தத் தொகுப்பு 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது.

ஏட்டில் இருப்பதும் கோயிலில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. அதற்கு விடை காணக் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுக்க வேண்டும். 1956-ல் அந்த வேலை தொடங்கியது. பெரிய கோயில், சின்னக் கோயில் என்ற பேதம் இல்லை. கோபுரம், தூண், கோட்டச் சிற்பம், உற்சவர் அறையில் இருக்கும் செப்புத் திருமேனிகள் எல்லாம் பதிவாயின. பட்டாபிராமின் என்பவர் குடைவரைகளைப் பற்றியும், பிரான்சுவாஸ் லெர்னோ தமிழ்நாட்டு முருகன் வடிவங்களைப் பற்றியும் நூல்கள் எழுதினார்கள். இன்று அந்தப் படக் களஞ்சியத்தில் ஒன்றரை லட்சம் படங்களுக்கு மேல் இருக்கின்றன.

எடுத்தவர்களின் நோக்கம் திருட்டைத் தடுப்பது இல்லை. ஆனால் அவர்கள் எடுத்த விதம் போலீஸ் கேட்கும் விதமாகவே அமைந்துவிட்டது. உருவ இலக்கணம் படிக்க வேண்டும் என்பதால் மாலை, பட்டு, அலங்காரம் இல்லாமல் நேருக்கு நேர் எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் ஊர், வட்டம், மாவட்டம், ஆண்டு எல்லாம் எழுதி வைத்தார்கள். பக்தர் எடுக்கும் படத்தில் சாமி பூவுக்குள் மறைந்திருக்கும். ஆய்வாளர் எடுத்த படத்தில் சாமியின் ஒவ்வொரு தேய்மானமும் தெரியும்.

இன்னொரு காரணம் சிலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. நம் செப்புத் திருமேனிகள் மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி வார்க்கப்படுபவை. வார்ப்பு ஆறியதும் மண் கருவை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஒரு கருவில் ஒரு சிலைதான் பிறக்கும். ஆகவே ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. திருவாசியில் ஒரு சுடர் முறிந்திருப்பதோ, பீடத்தின் ஓரம் நசுங்கியிருப்பதோ அந்தச் சிலைக்கு மட்டும் உரியது.

தொலைக்காட்சிக்கு வந்தபோது

கலைப்பொருள் திருட்டு தொலைக்காட்சிக்கு ஏற்ற சரக்கு என்பதை 1997-ல் பிரிட்டனின் சேனல் 4 காட்டியது. அதன் டிஸ்பேட்சஸ் நிகழ்ச்சியில் பத்திரிகையாளர் பீட்டர் வாட்சன் சோதபீஸ் ஏல நிறுவனத்தைத் துருவினார். அவருடைய விசாரணை இந்தியச் சிற்பங்கள் லண்டன் ஏலத்துக்குப் போகும் வழியையும் தொட்டது. உத்தரப் பிரதேசத்து லோகாரியிலிருந்து போன ஆட்டுத் தலை யோகினியும் அந்தக் கதையில் உண்டு. அந்த யோகினி இந்தியா திரும்பியது 2022-ல்.

தமிழ்நாட்டுக்கு அந்தத் தருணம் ஸ்ரீபுரந்தானில் வந்தது. அரியலூர் மாவட்டத்தில் வழிபாடு குன்றிப் பூட்டிக் கிடந்த கோயில் அது. 2006-ல் அங்கிருந்த திருமேனிகள் திருடு போயின. அதில் இருந்த நடராசரை நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது. விலை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். சிலை 1970-களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்டும் காகிதங்கள் கூடவே கொடுக்கப்பட்டன.

அந்தக் காகிதங்களைச் சாய்த்தது புதுச்சேரிப் படம். 1994-ல் அதே நடராசர் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்ததை அது காட்டியது. 1970-களில் நாட்டை விட்டுப் போன சிலை 1994-ல் எப்படிக் கோயிலில் நிற்கும்? பத்தூருக்குத் தேவைப்பட்ட மண்ணும் கரையானும் இங்கே தேவைப்படவில்லை. கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சிலைகளைத் தேடிய எஸ். விஜயகுமாரும் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேசன் ஃபெல்ச்சும் படங்களை ஒப்பிட்டு உலகுக்குச் சொன்னார்கள். அமெரிக்க அதிகாரிகள் 2012-ல் கபூரின் இடங்களில் நடத்திய சோதனையில் இன்னொரு வகைப் படமும் வெளிவந்தது: திருடிய கையோடு எடுத்து அனுப்பப்பட்ட, இன்னும் துடைக்கப்படாத சிலைகளின் படங்கள். கோயிலில் ஒன்று, கள்ளச் சந்தையில் ஒன்று, கலைக்கூடத்தில் ஒன்று என்று ஒரே சிலையின் பயணம் முழுதும் படமாகவே கிடைத்துவிட்டது.

2014 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி தன் ஃபோர் கார்னர்ஸ் நிகழ்ச்சியில் இந்த நடராசரைப் பற்றி ஆவணப்படம் ஒளிபரப்பியது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய சிலை திருட்டுச் சிலை என்ற செய்தி அங்கே வீட்டுக் கூடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 5-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட், ஸ்ரீபுரந்தான் நடராசரையும் விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரையும் டெல்லியில் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பர் 1-ல் உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

அதற்குப் பிறகு இரட்டைப் படம் வழக்கமாகிவிட்டது. ஆனந்தமங்கலத்தில் 1978-ல் களவு போன ராமர், லட்சுமணர், சீதை 1958-ல் எடுத்த புதுச்சேரிப் படங்களின் துணையால் அடையாளம் காணப்பட்டு 2020-ல் லண்டனில் இந்தியாவிடம் கொடுக்கப்பட்டார்கள். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-ல் சோதபீஸ் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார், 1957-ல் எடுத்த படத்தில் கும்பகோணம் வட்டாரத்துக் கோயிலில் இருந்தார். 2024-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவரைத் திருப்பித் தர முடிவெடுத்தது.

விழுப்புரம் பக்கத்துக் கதை

விழுப்புரத்திலிருந்து காணை வழியாகத் திருக்கோவிலூர் போய், அங்கிருந்து கள்ளக்குறிச்சிப் பக்கம் திரும்பினால் வீரசோழபுரம். புதிய மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்காக இந்த ஊர்க் கோயில் நிலம் கேட்கப்பட்டு உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனதால் பலருக்கும் பெயர் தெரிந்திருக்கும். 1956-ல் இது தென்னார்க்காடு மாவட்டம்; 1993 முதல் விழுப்புரம் மாவட்டம்; 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். மாவட்டப் பெயர் மாறிக்கொண்டிருந்த காலத்தில் கோயிலின் திருமேனிகள் கண்டம் தாண்டிவிட்டன.

1956-ல் புதுச்சேரிக்காரர்கள் இங்கே எடுத்த படங்களில் சுந்தரரும் பரவை நாச்சியாரும் சேர்ந்த திருமேனி இருக்கிறது. அதே திருமேனி வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் இருந்தது. 2022-ல் தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு, வீரசோழபுரத்திலிருந்து காணாமல் போனவற்றை அமெரிக்க அருங்காட்சியகங்களில் கண்டுபிடித்ததாக அறிவித்தது. அருங்காட்சியகமும் தன் பங்குக்குப் புதுச்சேரிக் களஞ்சியத்தோடு சேர்ந்து சரிபார்த்தது. 2026 ஜனவரியில் திருத்துறைப்பூண்டி நடராசர், மன்னார்குடி வட்டத்து ஆலத்தூர் சோமாஸ்கந்தர், வீரசோழபுரம் சுந்தரர்–பரவை ஆகிய மூன்றையும் இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக ஸ்மித்சோனியன் அறிவித்தது. மூன்றும் 1956-க்கும் 1959-க்கும் இடையில் படமெடுக்கப்பட்டவை.

படம் இருந்த ஊருக்கு இந்த நியாயம். படமெடுக்க யாரும் வராத ஊருக்கு? அங்கே திருட்டுப் புகாரில் “ஐம்பொன் சிலை ஒன்று, உயரம் சுமார் இரண்டடி” என்று மட்டுமே எழுத முடியும். அந்த வரியை வைத்துக்கொண்டு உலகத்தின் எந்தக் கலைக்கூடத்தின் கதவையும் தட்ட முடியாது. ஆவணப்படம் எடுப்பவருக்கும் திரையின் இடது பாதி காலியாகவே இருக்கும்.

புதுச்சேரிக்காரர்கள் ஆகமம் படிப்பதற்காக எடுத்த படம் பிறகு தற்செயலாகச் சாட்சியாயிற்று. இன்று எல்லோர் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. இனியும் தற்செயலை நம்பியிருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோயிலில் உற்சவர் திருமேனிகள் இருந்தால், அர்ச்சகர், அறங்காவலர், அறநிலையத் துறை அலுவலர் மூவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலங்காரம் களைந்த நேரத்தில் முன்பக்கம், பின்பக்கம், பீடம் மூன்றையும் அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். தேதி போட்டு ஒரு பிரதியைக் கோயில் சொத்துப் பதிவேட்டில் வையுங்கள். இன்னொரு பிரதி ஊருக்கு வெளியே, துறை அலுவலகத்தில் இருக்கட்டும். பூட்டு உடைந்த மறுநாள் அதைச் செய்ய முடியாது.